மாடலில் வந்த கண்

மாடல் பரீட்சையில் வந்தது மெயினிலும் வந்தே தீரும் என்று நம்பாத மாணவர் பாலக்காட்டுப் பக்கம் இன்னும் பிறக்கவில்லை. கஞ்சிக்கோட்டில், கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே நிற்கும் அந்தக் கண் பரிசோதனைக் கல்லூரியிலும் அதே கதைதான். எழுத்துத் தேர்வு என்றால் அதே கேள்வி வரும். செய்முறைத் தேர்வு என்றால் அதே கண் வரும். மாடலில் யாருடைய கண் உனக்கு விழுந்ததோ, மெயினிலும் அதே ஆள் உன் முன்னால் வந்து உட்காருவார். கல்லூரி வேன் ஊர் ஊராகப் போய் ஏற்றி வருவது எப்போதும் அதே ஆட்களைத்தானே, பிறகு வராமல் என்ன செய்யும் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். சீனியர்கள் சொன்னார்கள், அவர்களுக்கு அவர்களுடைய சீனியர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் நோண்டிப் பார்க்கவில்லை.

கௌசிகாவுக்கு விழுந்தது ருக்கியாவின் கண்.

கௌசிகா நல்லேப்பிள்ளிக்காரி. கொஞ்சம் வயல், அம்மா, அண்ணன் சிவப்பிரகாஷ், அவ்வளவுதான் வீடு. அப்பா போன பிறகு தன் படிப்பை விட்டுவிட்டு, வயலையும் பார்த்துக்கொண்டு, கஞ்சிக்கோட்டில் இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்கும் போய், தங்கையைக் கல்லூரியில் சேர்த்தவன் அந்த அண்ணன். சேர்த்தது மட்டுமா? அடுத்தவர் கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் போட்டுவிட அவள் பழகியதே அவன் கண்ணில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பழக ஆள் கூட்டி வாருங்கள் என்று கல்லூரியில் சொல்வார்கள். தெரியாதவர் கண்ணருகே முதன்முதலாக விரலைக் கொண்டுபோனால் இரண்டு பேருக்கும் நடுங்கும். அதனால் எல்லோரும் வீட்டு ஆளைத்தான் இழுத்து வருவார்கள். சிவப்பிரகாஷ் ஷிப்ட் முடிந்த அலுப்போடு வந்து உட்காருவான்.

"குத்து அம்மிணி, ரெண்டு கண்ணு இருக்குதல்லோ" என்பான்.

அவள் தவறவிட்டு, அழுத்திவிட்டு, அவன் கண்ணீரும் மூக்குமாக உட்கார்ந்திருக்க, திரும்பத் திரும்பப் போட்டுப் பழகினாள். அதனால் அண்ணனின் முகத்தைவிட அவன் கண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும். வலது கருவிழியில், நடுவிலிருக்கும் கண்பாப்பாவுக்குச் சற்றுக் கீழே, ஒரு வெள்ளைத் தழும்பு. சின்ன வயதில் கதிரடிக்கும்போது நெல் தெறித்துப் பட்டது. வெறும் பார்வைக்குத் தெரியாது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தால், உடைந்த சீரகம் மாதிரி, சாய்ந்து, ஒரு முனையில் சின்ன வாலோடு கிடக்கும். எத்தனை பேர் கண்ணுக்கு நடுவே கலந்து வைத்தாலும் அதை அவள் எடுத்துவிடுவாள்.

மாடல் பரீட்சை ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. வெளியே நல்ல உச்சி வெயில். உள்ளே ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, கருவியின் வெளிச்சம் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. பரீட்சை நடத்தியவர் அமிர்தநாதன் சார். மறையூர்க்காரர், கறாரான ஆள். ஆரம்பிக்கும் முன் எப்போதும் சொல்வதையே அன்றும் சொன்னார்.

"பாத்தத எழுதுங்க. புக்குல இருக்கத எழுதாதீங்க. கண்ண ஏறெடுத்துப் பாக்காமலே நார்மல், நார்மல்னு எழுதுறதுக்கு நீங்க எதுக்கு? வீட்டுல இருக்க பூனைகூட எழுதும்."

சார் சொன்னது முழு உண்மை. லென்ஸ் போட்ட பிறகு ஒவ்வொரு இமைப்புக்கும் அது எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். புத்தகத்தில் ஓர் அளவு இருக்கிறது. மாணவர்கள் எல்லோரும் கருவியில் கண்ணை வைப்பார்கள், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், புத்தகத்து அளவை எழுதுவார்கள். பார்க்காமலே பார்த்ததாக எழுதுகிற அந்த வித்தையில் அங்கே கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். கௌசிகா அப்படி எழுத மாட்டாள். அண்ணன் கண்ணை அத்தனை பாடு படுத்திப் பழகியதை ஏமாற்று வேலைக்கு விடுவதா என்று அவளுக்கு ஒரு ரோஷம்.

ருக்கியா புதுநகரத்துக்காரி, நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரருக்குத் துணிக்கடை. இரண்டு கருவிழியும் கூம்பு மாதிரி துருத்திக்கொண்டு வரும் நோய். கஷ்டமான கண்ணில் பழகினால்தான் கை வரும் என்று சார் அவளை விடாமல் வரவழைப்பார். அவளும் சலிக்காமல் வருவாள். வந்து, கருவியின் தாங்கியில் முகவாயை வைத்து, தலையில் போட்டிருந்த தட்டத்தை நெற்றிப் பட்டையில் படாமல் ஒதுக்கிக்கொண்டாள்.

"பயப்படாதே கண்ணு. எனக்கு இதெல்லாம் பழக்கந்தான். உனக்குக் கை நடுங்குதே" என்று சிரித்தாள்.

கௌசிகா வலது கண்ணில் லென்ஸைப் போட்டாள். அது ஒழுங்காக உட்காரும் வரை காத்திருந்தாள். சாயத்தாளை நனைத்து வெள்ளை விழியில் தொட்டுவிட்டு, நீல வெளிச்சத்தைப் போட்டாள். கண் முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது. அதுவரை எல்லாம் பாடத்தில் உள்ளபடிதான். பிறகு வெளிச்சத்தை மெல்ல நகர்த்தினாள், அவ்வளவுதான், கை அப்படியே நின்றுவிட்டது.

கருவிழியைச் சுற்றி ஒரு வட்டம் தெரிந்தது. வட்டத்தின் ஓரம் முழுக்கத் தையல். சட்டைக் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுத் தைத்த மாதிரி, யாரோ ஒருவருடைய கருவிழியை வட்டமாக வெட்டி இங்கே பதித்துத் தைத்திருந்தார்கள். கண் மாற்று அறுவை. பாடத்தில் படம் பார்த்திருக்கிறாள், நேரில் இதுதான் முதல் தடவை. அதற்கா கை நின்றது? இல்லை. அந்த வட்டத்துக்குள்ளே, பாப்பாவுக்குச் சற்றுக் கீழே, உடைந்த சீரகம் மாதிரி, சாய்ந்து, ஒரு முனையில் சின்ன வாலோடு அது கிடந்தது.

நீல வெளிச்சத்தை அணைத்து வெள்ளையைப் போட்டாள். அப்போதும் கிடந்தது.

"ஏனுங்க்கா, இந்தக் கண்ணுக்கு எப்ப ஆபரேசன் பண்ணுனீங்க?"

"ஆபரேசனா? இன்னும் பண்ணலியே கண்ணு. எழுதிப் போட்டிருக்குது. கண்ணு கெடைக்க வேண்டாமா?"

ருக்கியா முகவாயை எடுக்காமலே, கருவிக்கு அந்தப் பக்கமிருந்து, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"என்ன அப்படிப் பாக்கறே? என்ற கண்ணுக்குள்ள ஆராச்சும் இருக்காங்களா?"

கௌசிகா பார்த்ததை எழுதினாள். வட்டம், தையல், தழும்பு, தழும்பின் சாய்வு எல்லாவற்றையும் படம் வரைந்தே எழுதினாள். சார் வந்து தாளைப் பார்த்தார், புருவத்தை உயர்த்தினார், கருவியில் தானே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"கூம்புதாம்மா இருக்கு. தையல் எங்க இருக்கு? சரி, நீ சொல்றபடியே மாத்தி வச்ச கண்ணுன்னு வையி. நடுவுல தழும்பு உள்ள கருவிழிய எடுத்து எவனாச்சும் பார்வைக்கு வைப்பானா? யோசிக்க வேண்டாமா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ராத்திரி தூங்கலையோ? போ, போய் முகத்தக் கழுவு."

அவர் எழுந்த இடத்தில் கௌசிகா மறுபடியும் உட்கார்ந்து பார்த்தாள். அது அங்கேயே இருந்தது. இமைத்தால் மறைந்தது, திறந்தால் இருந்தது.

அந்த மாடலில் மற்றவர்கள் எல்லோரும் தேறினார்கள். கண்ணைப் பார்க்காமல் எழுதியவர்கள் நல்ல மார்க்கோடு தேறினார்கள். பார்த்து எழுதிய கௌசிகாவுக்கு முட்டை.

கேன்டீனில் பூமாரி, அவளோடு படிக்கிற மூணாறுப் பிள்ளை, ஆறுதல் சொல்ல வந்தாள். "விடுடி. மாடல்ல வந்ததுதான மெயின்லயும் வரப்போவுது? அதே கண்ணுதான். அன்னைக்கு ஒழுங்கா எழுதிரு."

ஆறுதல்தான். ஆனால் அதைக் கேட்டதும் கௌசிகா டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள். மெயினில் அதே கண் வருமென்றால், அதற்குள் அந்தக் கருவிழி ருக்கியாவுக்குக் கிடைத்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவன் கண்ணை எடுத்து யாருக்கும் வைப்பதில்லை. போன வருடம் கண்தான முகாமில் ஆளுக்கு இத்தனை பேரிடம் உறுதிமொழி வாங்கி வர வேண்டும் என்று கல்லூரியில் சொன்னபோது, அவள் முதலில் நீட்டியது அண்ணனிடம். அடுத்து, பக்கத்து வீட்டுத் தங்கதுரையிடம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் செய்த முதல் வேலை, சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனின் தாடையைப் பிடித்துத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தது. டார்ச்சில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் அண்ணனாகத்தான் இருந்தான்.

"சோறு திங்க உடு அம்மிணி. பரீச்சை என்னாச்சு?"

"போச்சு" என்றாள். பிறகு கேட்டாள். "அண்ணா, மெயின் முடியற வரைக்கும் வண்டி எடுக்காதே."

"அப்பறம் கம்பெனிக்குப் பறந்தா போறது?"

"பஸ்ஸுல போ. எம்மேல சத்தியம் பண்ணு."

அவன் அம்மாவைப் பார்த்தான், அம்மா அவனைப் பார்த்தாள். கனவு கண்டாளோ, ஜாதகம் பார்த்தாளோ, என்னவோ ஒன்று என்று நினைத்துக்கொண்டார்கள். தங்கச்சி கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவன் அதற்குமேல் வாதாடவில்லை. அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து வைத்தான், அவ்வளவு மரியாதை. அவள் சாவியை வாங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்தாள்.

அதன் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். வயலுக்கு மருந்தடிக்கப் போனால் கூடப் போனாள். கிணற்று மோட்டாரைத் தொட்டால் கத்தினாள். பஸ் வர நேரமானால் வாசலுக்கும் வரப்புக்குமாக நடந்தாள். அவளைக் கண்டு பயந்தவன்போல அவன் நடித்துக் காட்டுவான். அவளுக்குச் சிரிப்பு வராது. வண்டி வாசலில் தார்ப்பாயின் கீழே நின்றது. தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதன் கண்ணாடி, அவள் எந்தப் பக்கம் போனாலும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சாணி கரைத்துத் தெளிக்கும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெளிப்பாள். இந்தச் சனியன் இங்கே நிற்கும்வரை விடிவில்லை என்று அவள் மனதில் விழுந்துவிட்டது.

ஓணம் வந்தது, போனது. மெயின் நெருங்கியது.

ஒரு காலையில் தங்கதுரை வாசலில் வந்து நின்றான். அண்ணனோடு அதே கம்பெனியில் வேலை. வழக்கமாக அண்ணன் வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு போகிறவன். அண்ணன் பஸ்ஸுக்கு மாறியதிலிருந்து இவனும் பஸ்ஸில் தொங்கி, நேரம் தவறி, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அன்று அண்ணன் முன்னாடியே பஸ் பிடித்துப் போய்விட்டான். இவன் எழுந்திருக்கவே நேரமாகிவிட்டது.

"கவுசி, சாவியக் குடு. உங்கண்ணந்தான் தவம் இருக்கறான். வண்டி என்ன பாவம் பண்ணுச்சு? நானாச்சும் எடுத்துட்டுப் போறேன்."

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உள்ளே ஓடி, அரிசியைத் துழாவி, சாவியைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒட்டியிருந்த அரிசியை ஊதிவிட்டுக்கூடக் கொடுத்தாள்.

"நீங்களே வெச்சுக்குங்க. இங்க கொண்டாந்து உடவே வேண்டாம்."

"அடேங்கப்பா, சீதனமா?" என்று சிரித்தான் தங்கதுரை.

தார்ப்பாயை உருவி எறிந்தான், உதைத்தான், போனான். கௌசிகாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல இருந்தது. வண்டி வாசலைவிட்டுப் போகிறது, போய்த் தொலைகிறது. அவள் பார்த்தது அதைத்தான். அதன்மேல் உட்கார்ந்திருந்த ஆளை அவள் பார்க்கவே இல்லை.

வெயில் ஏறிய நேரத்தில் போன் அடித்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம், பிறகு அவன் குரல்.

"அம்மிணி... தங்கதுரை... வளைவுல லாரி..."

அந்த நொடியில் கௌசிகாவுக்கு வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். அண்ணன் குரல் கேட்கிறது, அண்ணன் இருக்கிறான் என்கிற சந்தோஷம். அதற்கு அடுத்த நொடிதான் அழுகை வந்தது. அந்த முதல் நொடியை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் தங்கதுரையின் அம்மா சின்னத்தாயி, சுவரில் சாய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கௌசிகாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணக் குடுக்கறேன்னு உங்கிட்டக் கையெழுத்துப் போட்டானாமா. நீயே டாக்டர்கிட்டச் சொல்லு கண்ணு. எம்பையன் கண்ணாவது இந்த ஒலகத்தப் பாத்துட்டு இருக்கட்டும்."

சாவியைக் கொடுத்த கையைத்தான் அந்தத் தாய் பிடித்துக்கொண்டிருந்தாள். கௌசிகா போய் டாக்டரிடம் சொன்னாள். வேறு யார் சொல்வது?

அந்த வருட மெயினுக்கு அவள் போகவில்லை. ஹால் டிக்கெட் மேஜைமேல் கிடந்தது. அவள் கட்டிலில் கிடந்தாள். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவில்லை. ஒரே ஒரு தடவை, மடை திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தெனமும் போற வளைவு. நான் ஓட்டியிருந்தா அது தெரிஞ்சிருக்கும். அவன் பின்னாலயே உக்காந்து வந்தவன், அவனுக்கு என்ன தெரியும்?"

அவன் அவளைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனாலேயே அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு வருடம் போயிற்று. பூமாரியும் மற்றவர்களும் தேறிப் போய்விட்டார்கள். கௌசிகா அடுத்த செட் மாணவர்களோடு உட்கார்ந்து மெயின் எழுத வந்தாள். அதே அறை, அதே கறுப்புத் துணி. வெளியூரிலிருந்து மலையாளத் தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். அமிர்தநாதன் சார் பக்கத்தில் நின்றார். யார் வரப்போகிறார்கள் என்று கௌசிகா யாரையும் கேட்கவில்லை. கதவு திறந்தபோது அவளுக்கு ஆச்சரியமும் இல்லை.

"நல்லா இருக்கியா கண்ணு?" ருக்கியா பூரித்துப்போய் வந்து உட்கார்ந்தாள். "எனக்குக் கெடைச்சிருச்சு! போன வருசம் ஓணம் கழிஞ்சு ரெண்டு மூணு நாளுதான், போன் பண்ணிக் கூப்புட்டாங்க. ஆரு பெத்த புள்ளையோ, ஒவ்வொரு தொழுகையிலும் அவனுக்காகத் துவா கேக்கறேன்."

கௌசிகா தாங்கியைத் துடைத்துவிட்டாள். ருக்கியா முகவாயை வைத்தாள். வலது கண்ணில் வெளிச்சம் விழுந்தது.

வட்டம் இருந்தது. தையல் போட்டு எடுத்த அடையாளங்கள் ஓரம் முழுக்க இருந்தன. எல்லாம் அன்று தையலைப் பார்த்த இடத்திலேயே, அச்சு மாறாமல். ஆனால் உள்ளே தழும்பு இல்லை. மேலும் கீழும், ஓரத்திலும் நடுவிலும் தேடினாள். ஒரு பொட்டு அழுக்கில்லாத, தெளிந்த, இளைஞன் ஒருவனின் கருவிழி. யாருடையது என்று ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது. கௌசிகாவுக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அடேங்கப்பா, சீதனமா என்று அந்தக் கண் சிரித்ததை அவள் வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். பார்க்காமல் விட்ட முகத்தை இப்போது இத்தனை பெரிதாக்கி, இத்தனை பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகையை விழுங்கிக்கொண்டு வேலையைச் செய்தாள். லென்ஸைத் தேர்ந்தெடுத்தாள், போட்டாள், சாயம் தொட்டாள், நகர்வைப் பார்த்தாள். கை நடுங்கவில்லை. தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

"நன்னாயிட்டுண்டு. இனி மற்றே கண்ணு" என்றார் அவர்.

வெளிச்சத்தை இடது கண்ணுக்குத் திருப்பினாள்.

வட்டம். தையல், புதிதாக, முடிச்சு கலையாமல், இன்னும் பிரிக்காத தையல். உள்ளே, பாப்பாவுக்குச் சற்றுக் கீழே, உடைந்த சீரகம். சாய்ந்து, ஒரு முனையில் சின்ன வாலோடு.

மாடலில் வந்தது மெயினில் வரும் என்று சொன்ன சீனியர்கள், மெயினில் வந்தது அடுத்து எங்கே வரும் என்று யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஏனுங்க்கா," என்றாள், கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தக் கண்ணுக்கு?"

"அதுக்கும் எழுதிப் போட்டிருக்குது கண்ணு. எனக்கு ஒண்ணே போதும்னுதான் சொன்னேன். எங்கூட்டுக்காரரு கேக்கல. இன்னும் கெடைக்கல." ருக்கியா சிரித்தாள். "கெடைச்சிரும், இல்ல?"

"இடத்தே கண்ணில் எந்தா காணுன்னது?" என்று தேர்வாளர் கேட்டார். சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடத்து முட்டை அவருக்கும் நினைவிருந்திருக்கும்.

கௌசிகா இமைக்காமல் அந்தத் தழும்பைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். இடது கண், கருவிழிக் கூம்பு, வேறு குறை எதுவும் இல்லை. புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் எழுதினாள். தையலோ தழும்போ எதையும் எழுதவில்லை. எழுதினால் அது நடந்துவிடுமோ என்று பயம். எழுதாவிட்டால் நடக்காதா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

வெளியே வரும்போது சார் முதுகில் தட்டினார். "பாத்தியாம்மா? பயமில்லாம பாத்தா எல்லாம் தெளிவா இருக்கும். பாஸுதான், போ."

கேட்டுக்கு வெளியே சிவப்பிரகாஷ் நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு வண்டி. போன மாதம்தான் பழைய வண்டி ஒன்று வாங்கியிருந்தான். ஒரு வருடம் அவனும் எத்தனை நாள்தான் பஸ்ஸில் தொங்குவான்? கூட மிக்கேல்ராஜ் நின்றான். கம்பெனியில் தங்கதுரை இடத்துக்கு வந்த மறையூர்ப் பையன். ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் அவர்கள் வீட்டுக்கு வெல்லம் கொண்டுவருகிறவன். அன்றும் கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தான்.

"என்ன அம்மிணி, பாஸா?" அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்கே? வண்டியப் பாத்துட்டா? உனக்குத்தான் நான் ஓட்டுனா ஆகாதே, எனக்குத் தெரியாதா? நாம ரெண்டு பேரும் பஸ்ஸுல போலாம். மிக்கேலு ஓட்டியாந்து ஊட்டுல உட்டுருவான். இந்தா, அவங்கிட்டக் குடு."

சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அது வெயிலில் சுட்டது. கௌசிகா விரலை மூடினாள். மிக்கேல்ராஜ் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். நீட்டிய கைக்கும் மூடிய கைக்கும் நடுவில் இருந்தது ஒரு சாண்தான். கொடுத்துவிட்டால் போதும். அண்ணன் பஸ்ஸில் ஏறுவான், பத்திரமாக வீட்டில் இறங்குவான், ருக்கியாவின் இடது கண்ணில் தழும்பில்லாத ஒரு கருவிழி வந்து உட்காரும். வழி அவளுக்குத் தெரியும். ஒரு தடவை நடந்து பார்த்த வழிதானே. கொடு, கொடு என்று உள்ளே ஏதோ ஒன்று அவசரப்படுத்தியது. அந்தக் குரலும் அவளுடையதேதான், அண்ணன்மேல் அத்தனை பாசம் உள்ள குரல்.

இந்தத் தடவை அவள் ஆளைப் பார்த்தாள். மிக்கேல்ராஜுக்குத் தேன் நிறக் கண். இடது இமையில் ஒரு முடி உதிர்ந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, அவள் ஏன் இப்படிப் பார்க்கிறாள் என்று புரியாமல் இமைத்தான்.

"என்னக்கா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. நீ பஸ்ஸுல போப்பா."

திரும்பி, சாவியை அண்ணன் கையில் வைத்து அழுத்தினாள்.

"நீயே ஓட்டுண்ணா. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

"அடிப்பாவி, நெசமாவா?" சிவப்பிரகாஷுக்கு வாயெல்லாம் பல். ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரிப்பதை அவள் பார்த்தாள். ஹெல்மெட்டை மாட்டினான், கண்ணாடியைச் சரிசெய்தான். அவள் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கல்லூரி வேன் அவர்களைக் கடந்து போனது. ஜன்னலோரம் ருக்கியா உட்கார்ந்திருந்தாள். கௌசிகாவைக் கண்டதும் கையை ஆட்டினாள். இடது கண்ணை மறைத்துக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் பார்த்துச் சிரித்தாள், உன்னைத் தெரிகிறது என்று காட்டுகிறவள் போல.

"போலாமா?" என்றான் அண்ணன்.

"மெதுவா போ. நான் பாத்துட்டே வர்றேன்" என்றாள் கௌசிகா.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. எதிர்க்காற்றில் அவள் கண்கள் எரிந்தன, நீர் வழிந்து காதோரம் ஓடியது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அண்ணனின் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வளைவு வரும் வரைக்கும் அவள் இமைக்கவே இல்லை.